பின்னத்தைச் சுழற்றும்போது

உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படிக்கும் மாணவியரைத் தயங்க வைக்கும் ஒரு வகை வினா உண்டு. முதல் வரியில் ஒரு விகிதமுறு சார்பைத் தந்து, அதைப் பகுதிப் பின்னங்களாக எடுத்துரைக்கும்படி கேட்பார்கள். அதை எல்லோரும் செய்துவிடுவார்கள். அடுத்த வரி “இதிலிருந்து” என்று தொடங்கும். ஒரு வளையியைக் கிடையச்சைப் பற்றி ஒரு முழுச் சுற்றுச் சுழற்றும்போது பிறக்கும் திண்மத்தின் கனவளவைக் காணச் சொல்லும். அங்கேதான் பேனா நின்றுவிடும். பகுதிப் பின்னம் அட்சரகணிதத்தில் படித்தது, கனவளவு தொகையிடலில் படித்தது, இரண்டும் வேறு வேறு கொப்பியில் இருக்கின்றன. இந்த “இதிலிருந்து” எதிலிருந்து எங்கே போகிறது?

அந்த ஒரு சொல்லை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பெற்றோரும் வாசிக்கும் மலர் என்பதால், பாடப்புத்தகத்தின் இலத்தீன் எழுத்துகளை விட்டுத் தமிழ் எழுத்துகளையே எடுத்துக்கொள்கிறேன். கிடையச்சில் அளக்கும் தூரம் “க”. அந்த இடத்தில் வளையியின் உயரம் “உ”. வட்டத்துக்குரிய மாறிலி “பை”. கணக்கு வரிகளைத் தாண்டிப் போக விரும்பும் தாய்மார் தாண்டிப் போகலாம். ஆனால் “நமக்கு இது விளங்காது” என்று முதலிலேயே தள்ளிவைக்க வேண்டாம். மகள் கணிதப் பிரிவை எடுக்கலாமா என்று வீட்டில் பேசும்போது, அந்தப் பேச்சில் பாதி இந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் பின்னம். ஆறாம் ஏழாம் வகுப்பில் 1/2 இலிருந்து 1/3 ஐக் கழித்து 1/6 என்று எழுதினோம். பகுதிகளைப் பெருக்கிப் பொதுப் பகுதி கண்டோம். இப்போது யாராவது 1/6 ஐ மட்டும் தந்து, “இது எந்த இரண்டு பின்னங்களின் வித்தியாசம்?” என்று கேட்டால், நாம் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். பகுதிப் பின்னம் என்பது இந்தத் திரும்பும் பயணம், வேறொன்றுமில்லை. 6 என்பது 2 × 3, ஆகவே 1/6 = 1/2 − 1/3. அவ்வாறே 1/12 = 1/3 − 1/4, 1/20 = 1/4 − 1/5. எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்தால்:

1/[க(க + 1)] = 1/க − 1/(க + 1)

இந்த ஒரு வரி எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்னச் சான்று. 1/(1×2) + 1/(2×3) + 1/(3×4) என்று 1/(99×100) வரை கூட்டச் சொன்னால் 99 பின்னங்களுக்குப் பொதுப் பகுதி காண யாராலும் முடியாது. பிரித்து எழுதினால் நடுவில் உள்ளவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு 1 − 1/100, அதாவது 99/100 மட்டும் மிஞ்சும். தொடர்கள் என்ற பாடத்தில் வரும் அதே கருவியைத்தான் தொகையிடலிலும் எடுக்கப்போகிறோம்.

இனிச் சுழற்சி. குயவர் சக்கரத்தில் வனையும் முட்டி, கடைசலில் உருளும் கட்டிற்கால், பள்ளிவாசலின் குவிமாடம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. அச்சுக்குக் குறுக்கே எங்கே வெட்டினாலும் வெட்டுமுகம் வட்டம். கறிக்குக் கரட்டை வட்டம் வட்டமாக அரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு மெல்லிய உருளை. அதன் கனவளவு பை × ஆரையின் வர்க்கம் × தடிப்பு. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் கரட். தடிப்பைக் குறைத்துக்கொண்டே போனால் அந்தக் கூட்டல் தொகையீடாகிறது. வளையியைச் சுழற்றும்போது ஆரை என்பது உயரம் “உ” தான். ஆகவே கனவளவு, உ² இன் தொகையீட்டைப் பையால் பெருக்கியது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பரப்பளவு கேட்டால் உ வைத் தொகையிடுகிறோம், கனவளவு கேட்டால் உ² ஐத் தொகையிடுகிறோம். சுழற்சி வர்க்கத்தைக் கொண்டுவருகிறது. உ ஒரு பின்னமாக இருந்தால் வர்க்கித்ததும் அதன் பகுதி இரட்டிப்பாகக் கனத்துவிடும். அந்தக் கனத்தைக் கையாளவே பகுதிப் பின்னம் வேண்டியிருக்கிறது. இரண்டு கொப்பிகளையும் சேர்த்துக் கட்டும் நூல் இந்த வர்க்கம்.

வர்க்கத்தால் வரும் சிக்கல் புதியதல்ல. பஸ்றாவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதமை ஒளியியல் நூலான கிதாபுல் மனாழிருக்காகவே நாம் பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். அவர் பரவளைவைச் சுழற்றிப் பெறும் திண்மத்தின் கனவளவையும் கண்டவர். பரவளைவை அதன் சொந்த அச்சைப் பற்றிச் சுழற்றினால், சூழ்ந்திருக்கும் உருளையின் சரிபாதி கிடைக்கும். அதை ஆர்க்கிமிடீசு முன்பே அறிந்திருந்தார். இப்னுல் ஹைதம் கடினமான மற்றத் திசையை எடுத்தார். அச்சுக்குச் செங்குத்தான கோட்டைப் பற்றிச் சுழற்றினார். நமது குறியீட்டில் உயரம் 1 − க². வர்க்கித்தால் 1 − 2க² + க⁴. நான்காம் அடுக்கு வந்துவிட்டது! அவருடைய காலத்தில் தொகையிடல் சூத்திரம் கிடையாது. எனவே 1⁴ + 2⁴ + 3⁴ + … என்று நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையைக் காணும் வழியை அவரே அமைத்து, துண்டு துண்டாகக் கூட்டி, அந்தத் திண்மம் சூழ்ந்த உருளையின் 8/15 பங்கு என்று நிறுவினார். இன்று நாம் மூன்று உறுப்புகளையும் தனித்தனியே தொகையிட்டு 1 − 2/3 + 1/5 = 8/15 என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். வர்க்கித்தல், எளிய துண்டுகளாகப் பிரித்தல், துண்டு துண்டாகக் கூட்டுதல் என்ற ஒழுங்கு ஆயிரம் ஆண்டாகியும் மாறவில்லை. அவருக்குக் கிடைத்த துண்டுகள் அடுக்குகள், நமக்குக் கிடைப்பவை பின்னங்கள்.

இப்போது நமது கணக்கு. உ = 1/[க(க + 1)] என்ற வளையியை க = 1 முதல் க = 2 வரை எடுத்துக் கிடையச்சைப் பற்றிச் சுழற்றுவோம். க = 1 இல் ஆரை 1/2, க = 2 இல் ஆரை 1/6. படுக்கவைத்த புனல் போன்ற ஓர் உருவம். நாம் தொகையிட வேண்டியது:

உ² = 1/[க²(க + 1)²]

பெரும்பாலான மாணவியர் இங்கே நான்கு மாறிலிகளைத் தேடத் தொடங்குவார்கள். அ/க + ஆ/க² + இ/(க + 1) + ஈ/(க + 1)² என்று எழுதி, குறுக்கே பெருக்கி, குணகங்களை ஒப்பிடுவார்கள். அது சரியான வழிதான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் “இதிலிருந்து” என்ற சொல் அதைவிடக் குறுக்கு வழி ஒன்றைக் காட்டுகிறது. உ ஐ ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோமே! பிரித்த வடிவத்தையே வர்க்கித்தால் போதும்.

[1/க − 1/(க + 1)]² = 1/க² + 1/(க + 1)² − 2/[க(க + 1)]

கடைசி உறுப்பில் நமது பழைய நண்பனே மறுபடி நிற்கிறான். அவனை இன்னொரு முறை பிரித்தால்:

உ² = 1/க² + 1/(க + 1)² − 2/க + 2/(க + 1)

நான்கு மாறிலிகளும் வேர்வை சிந்தாமல் வந்துவிட்டன: அ = −2, ஆ = 1, இ = 2, ஈ = 1. அ உம் இ உம் ஏன் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். க மிகப் பெரிதாகும்போது இடப்பக்கம் 1/க⁴ போலச் சுருங்குகிறது. வலப்பக்கத்தில் 1/க அளவில் எதுவும் மிஞ்சினால் அது நடக்காது. ஆகவே அ + இ பூச்சியமாகத்தான் வேண்டும். நான்கு மாறிலி வழியில் போகிறவர்களுக்கு இது ஒரு நல்ல சரிபார்ப்பு.

இனித் தொகையிடல் எளிது. 1/க² இன் தொகையீடு −1/க. 1/க இன் தொகையீடு இயற்கை மடக்கை. 1 முதல் 2 வரை எடுத்தால் முதல் உறுப்பு 1/2 ஐத் தரும். இரண்டாவது 1/2 − 1/3, அதாவது 1/6. மடக்கை உறுப்புகள் இரண்டும் சேர்ந்து −2 மடக்கை(4/3) ஐத் தரும். ஆகவே

கனவளவு = பை × [2/3 − 2 மடக்கை(4/3)]

மடக்கை(4/3) ஏறத்தாழ 0.2877. அடைப்புக்குள் 0.0913. பையால் பெருக்க, கனவளவு ஏறத்தாழ 0.287.

விடை கிடைத்ததும் கோடு கீறிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவது நம் பழக்கம். ஒரு நிமிடம் நிற்கலாம். இந்தப் புனல் முழுவதும், ஆரை 1/2 உம் நீளம் 1 உம் கொண்ட உருளைக்குள் அடங்கும். அந்த உருளையின் கனவளவு பை/4, அதாவது 0.785. மறுபக்கம், ஆரை 1/6 கொண்ட மெல்லிய உருளை புனலுக்குள் அடங்கும். அது பை/36, ஏறத்தாழ 0.087. நமது விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இன்னும் நெருக்கிப் பார்க்க விரும்பினால், இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்து, நுனி வெட்டிய கூம்பாக்கிப் பாருங்கள். அதன் கனவளவு 13பை/108, ஏறத்தாழ 0.378. நமது வளையி அந்த நேர்கோட்டுக்குக் கீழே தொய்ந்து செல்கிறது, ஆகவே விடை 0.378 ஐவிடக் குறைய வேண்டும். குறைந்திருக்கிறது.

இந்தச் சோதனை வெறும் அலங்காரம் அல்ல. வர்க்கிக்கும்போது நடு உறுப்பை மறந்து 1/க² + 1/(க + 1)² என்று மட்டும் எழுதிவிடுவது எங்கும் காணும் பிழை. அப்படிச் செய்தால் விடை 2பை/3, அதாவது 2.09. சூழ்ந்த உருளையே 0.785 தானே! குடத்துக்குள் இருக்கும் செம்பு குடத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளைத் திருத்தித் தர எந்த ஆசிரியரும் வரமாட்டார். இந்த உருளை வரும்.

ஆனால் உருளையும் பிடிக்காத ஒரு பிழை உண்டு. அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். “உ ஐத் தொகையிட எனக்குத் தெரியும். முதலில் தொகையிடுகிறேன், பிறகு வர்க்கிக்கிறேன்” என்று சிலர் போவார்கள். உ இன் தொகையீடு மடக்கை(4/3), அதாவது 0.2877. அதன் வர்க்கம் 0.0828. பையால் பெருக்கினால் 0.260. சரியான விடை 0.287. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன! உருளைச் சோதனையில் 0.260 தாராளமாகத் தேறிவிடும். ரியூசன் கொப்பியில் விடையை மட்டும் பார்த்துச் சரி போடுகிறவருக்குக்கூட, முதல் பார்வையில் அது தசமப் பிழை போலத்தான் தோன்றும்.

ஏன் இரண்டும் வேறுபடுகின்றன? 1 ஐயும் 3 ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் சராசரி 2, சராசரியின் வர்க்கம் 4. வர்க்கங்கள் 1 உம் 9 உம், அவற்றின் சராசரி 5. வர்க்கித்த பின் சராசரி எடுப்பதும், சராசரி எடுத்த பின் வர்க்கிப்பதும் ஒன்றல்ல. எண்கள் எல்லாம் சமமாக இருந்தால் மட்டுமே அவை ஒன்றாகும். எண்கள் எவ்வளவு சிதறி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு முதலாவது பெரிதாக இருக்கும். நமது இடைவெளியின் நீளம் 1 என்பதால் தொகையீடு என்பது சராசரியே. ஆகவே, முதலில் தொகையிட்டவர் புனலை நேரான ஓர் உருளையாக மாற்றிவிட்டார். அவர் விடை எப்போதும் குறைவாகவே வரும். புள்ளிவிபரவியலில் மாறற்றிறன் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு எங்கோ பார்த்த முகம் போல இருக்கும். அதே முகம்தான்.

பகுதிப் பின்னத்தைத் தொகையிடலுக்குக் கொண்டுவந்த கதையையும் சிறிது சொல்ல வேண்டும். 1702இல் லைப்னிசும் யோகான் பேர்ணூலியும் தனித்தனியே இம்முறையை வெளியிட்டார்கள். பகுதியைக் காரணிகளாக உடைக்க முடிந்தால் எந்த விகிதமுறு சார்பையும் தொகையிடலாம் என்பது அவர்கள் கண்டது. எல்லாப் பகுதியையும் உடைக்க முடியுமா என்பதில் லைப்னிசு தடுமாறினார். க⁴ + 1 போன்ற கோவையை மெய்யெண் குணகங்களுள்ள இருபடிக் காரணிகளாக்க முடியாது என்று அவர் கருதினார். நமது மாணவி ஒருத்தி 2க² ஐக் கூட்டிக் கழித்து (க² + 1)² − 2க² என்று எழுதி, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக்கி, (க² + √2க + 1)(க² − √2க + 1) என்று முடித்துவிடுவாள். நுண்கணிதத்தை உருவாக்கிய இருவரில் ஒருவருக்கு அன்று அது தோன்றவில்லை. 1719இல் நிக்கலசு பேர்ணூலி அதைச் சரிசெய்தார்.

இதையெல்லாம் தமிழில் படிக்க முடிகிறதே என்பதும் தானாக வந்ததல்ல. வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்ற பெயரில் அட்சரகணித நூலைத் தமிழில் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் அவர் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அட்சரகணிதத்துக்கு யாழ்ப்பாணத்தில் இவ்வளவு பழைய வேர் இருக்கிறது. 1974இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. இன்று அதே திருநெல்வேலியில் விஞ்ஞான பீடம் இருக்கிறது, பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. இரண்டு வாசல்களுக்கும் போகும் வழியில் இணைந்த கணிதம் நிற்கிறது. பகுதிப் பின்னத்தில் மனம் சோர்ந்து பிரிவை மாற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. இதைச் சொல்லாமல் கணக்கை மட்டும் விளக்குவது பாதி விளக்கமே. பிரிவை மாற்ற வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். 1/6 ஐ 1/2 − 1/3 என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பயம் ஒரு காரணமாக இருக்கத் தேவையில்லை.

கடைசியாக ஓர் ஆசை. நமது புனலை 2 இல் வெட்டாமல் முடிவிலி வரை நீட்டினால் என்ன? 1640களில் தொரிசெல்லி (பௌதிகத்தில் இரச பாரமானியோடு நாம் அறிந்தவர்) உ = 1/க என்ற வளையியைச் சுழற்றி, முடிவின்றி நீளும் ஒரு கொம்பின் கனவளவு முடிவுள்ளது என்று காட்டி எல்லோரையும் திகைக்க வைத்தார். அந்தக் கொம்பை 1 இலிருந்து தொடங்கினால் கனவளவு சரியாகப் பை. நமது புனல் அதைவிட வேகமாக ஒடுங்குகிறது. மேலே கண்ட நான்கு உறுப்புகளையும் 1 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் 1/க² தருவது 1, அடுத்தது 1/2, மடக்கை உறுப்புகள் −2 மடக்கை 2. ஆகவே

கனவளவு = பை × [3/2 − 2 மடக்கை 2]

அதாவது ஏறத்தாழ 0.357. முதல் ஓரலகு நீளத்திலேயே 0.287 போய்விட்டது. மிச்சமுள்ள முடிவற்ற வாலுக்குள் இருப்பது 0.07 தான்.

இங்கே மடக்கை உறுப்புகளைத் தனித்தனியே முடிவிலிக்குக் கொண்டுபோகக் கூடாது. மடக்கை க உம் மடக்கை(க + 1) உம் தனித்தனியே எல்லையின்றி வளர்பவை. இரண்டையும் சேர்த்து மடக்கை[க/(க + 1)] என்று எழுதிய பிறகுதான் எல்லை எடுக்க வேண்டும், அது பூச்சியத்துக்குப் போகும். பிரிப்பதற்கு ஒரு நேரம் இருப்பதுபோலச் சேர்ப்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது.

இந்த விடையில் கேட்காமலே கிடைத்த ஒரு பரிசும் உண்டு. ஒரு திண்மத்தின் கனவளவு நேராகத்தான் இருக்க வேண்டும். ஆகவே 3/2 − 2 மடக்கை 2 பூச்சியத்தைவிடப் பெரிது, அதாவது மடக்கை 2 ஆனது 3/4 ஐவிடச் சிறிது. கணிகருவியைத் தொடாமலே ஒரு மடக்கைக்கு மேல்வரம்பு கண்டுவிட்டோம். கணிகருவி சொல்வது 0.693.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று தருகிறேன். உ = 1/[க(க + 2)] என்ற வளையியை 1 முதல் 2 வரை சுழற்றுங்கள். பிரிக்கும்போது முன்னால் ஓர் 1/2 வரும், வர்க்கித்ததும் அது 1/4 ஆகும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். விடை (பை/4) × [7/12 − மடக்கை(3/2)], ஏறத்தாழ 0.14. இரு முனை உருளைகளையும் முதலில் கீறிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்: பெரியது பை/9, சிறியது பை/64.